காமினி: ஒரு சிற்றுலை பிறந்த கதை

மும்பையில் மின்கட்டண ரசீது யார் பெயரில் வருகிறது என்று பார்த்தே வீடு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் பெஸ்ட். செம்பூரில் அதானியும் டாட்டாவும். பாண்டுப், முலுண்ட் பக்கம் வந்துவிட்டால் மகாவிதரண், அதாவது மாநில மின் பகிர்மான நிறுவனம். மாநகராட்சி எல்லைக்குள் குடியிருந்தாலும் மின்சாரத்தில் முலுண்ட்வாசிகள் மகாராஷ்டிரத்தின் மற்ற ஊர்களோடு சேர்ந்தவர்கள். அந்தத் தொகுப்பில் அனல், புனல், காற்று, சூரியன் எல்லாம் கலந்திருக்கின்றன. தாராப்பூர் அணுமின் நிலையத்தின் பங்கும் உண்டு. ஆகவே முலுண்டில் சுற்றும் ஒவ்வொரு மின்விசிறிக்கும் யுரேனியம் பிளந்து கிடைத்த ஆற்றலில் ஒரு சிறு பங்கு வந்துகொண்டிருக்கிறது.

முலுண்ட் கிழக்கில் உப்பளங்களைத் தாண்டினால் தானே கழி. அந்தக் கழி தெற்கே இறங்கித் துறைமுகக் கடலோடு சேரும் பக்கத்தில், மேற்குக் கரையில், டிராம்பே மலை நிற்கிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. இன்னும் எவருடைய ரசீதிலும் ஏறாத ஒரு மின்சாரத்துக்காக அங்கே எழுபது ஆண்டுகளாக வேலை நடக்கிறது. அதன் மூலப்பொருள் தோரியம். தொடங்கியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. பலனை முழுதாக அனுபவிக்கப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவில்லை.

அந்த நெடிய வேலையில் முழுதாக முடிந்து, கண்முன் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருள் உண்டு. பெயர் காமினி. டிராம்பேயில் கருவாகி, கல்பாக்கத்தில் பிறந்த ஒரு சிறிய அணுஉலை. அதன் திறன் 30 கிலோவாட், அதுவும் வெப்பமாக. தாராப்பூரின் மூன்றாம் அலகு மட்டும் 540 மெகாவாட், அதாவது 5,40,000 கிலோவாட் மின்சாரம் தரக்கூடியது. காமினி ஒரு விளக்கைக்கூட எரிக்காது. இருந்தும் தோரியத்திலிருந்து பிறந்த யுரேனியம்-233 என்ற எரிபொருளை மட்டுமே கொண்டு இயங்க வேண்டும் என்று கட்டப்பட்ட இந்த உலைக்கு இந்திய அறிவியல் வரலாற்றில் தனியிடம் உண்டு. அது பிறந்த கதை ஒரு கயிற்றில் தொடங்குகிறது.

தேங்காய் நாரில் ஒட்டி வந்த மணல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பிய நகரத் தெருக்கள் எரிவாயு விளக்கில் இருந்தன. வெறும் எரிவாயுச் சுடர் மங்கலானது. ஆஸ்திரிய வேதியியலாளர் ஆயர் வான் வெல்ஸ்பாக் அதற்கு ஒரு வழி கண்டார். தோரியம் ஆக்சைடோடு சிறிதளவு சீரியம் ஆக்சைடு சேர்ந்த ஒரு வலைக்கூட்டைச் சுடரின் மேல் மாட்டினார். அது வெள்ளை வெளேரென்று ஒளிர்ந்தது. நம் ஊர்த் திருவிழாக்களிலும் கல்யாண ஊர்வலங்களிலும் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குள் கட்டிய மேண்டிலும் அதே வகைதான்.

மேண்டில் செய்யத் தோரியம் வேண்டும். தோரியத்துக்கு மோனசைட் என்ற கனிமம் வேண்டும். அது அப்போது பெரும்பாலும் பிரேசில் கடற்கரையிலிருந்து வந்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்தார். அதில் மோனசைட் மணிகள் இருந்தன. கயிறு எந்தக் கரையிலிருந்து வந்தது என்று தேடியபோது மணவாளக்குறிச்சி கிடைத்தது. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், குளச்சலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர். சில ஆண்டுகளுக்குள் அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது.

அந்த மணல் அங்கே வந்து சேர்ந்தது மலையின் வேலை, ஆற்றின் வேலை, அலையின் வேலை. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகள் லட்சக்கணக்கான ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் தேய்ந்தன. துகள்களை ஆறுகள் கடலுக்குக் கொண்டுவந்தன. அலை இலேசானதை அள்ளிப்போய்க் கனமானதைக் கரையில் விட்டது. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் அப்படித் தங்கியவை. கரைக்குக் கறுப்பு நிறம் தருவது இல்மனைட். மோனசைட் தேன் நிறத்து மணி. அதன் எடையில் 9 முதல் 10 சதவீதம் தோரியம் ஆக்சைடு. இந்தியக் கரைகளில் ஒரு கோடி டன்னுக்கு மேல் மோனசைட் இருப்பதாக அணுக் கனிமத் துறை கணித்திருக்கிறது. கேரளம், தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களும் அதில் பெரும் பங்குக்காரர்கள்.

மணவாளக்குறிச்சி மணல் முதலில் அயல்நாட்டுத் தெருவிளக்குகளுக்குப் போயிற்று. மின்விளக்கு பரவியதும் அந்தச் சந்தை சுருங்கியது. அடுத்த வேலைக்கு அது ஓர் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அணுகுண்டுக்கு முந்தைய கடிதம்

1944 மார்ச் 12 அன்று ஹோமி பாபா சர் தொராப்ஜி டாட்டா அறக்கட்டளைக்கு ஒரு கடிதம் எழுதினார். அப்போது அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்தார். விடுமுறையில் இந்தியா வந்தவர் 1939-ல் போர் தொடங்கியதால் கேம்பிரிட்ஜ் திரும்பாமல் தங்கிவிட்டவர். அடிப்படை இயற்பியலுக்கு ஓர் ஆய்வகம் வேண்டும் என்பதே கடிதத்தின் கோரிக்கை. அதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று இன்றும் வியக்க வைக்கிறது: இருபது ஆண்டு போல ஆனபின் அணுவிலிருந்து மின்சாரம் எடுக்கும் காலம் வரும்போது, இந்தியா நிபுணர்களைத் தேடி வெளிநாடு போகக் கூடாது, அவர்கள் இங்கேயே தயாராக இருக்க வேண்டும் என்றார்.

ஹிரோஷிமாவில் குண்டு விழ இன்னும் பதினேழு மாதங்கள் இருந்தன. 1942-ல் சிகாகோவில் முதல் அணுஉலை இயங்கியது போர்க்கால ரகசியமாக மறைக்கப்பட்டிருந்தது. அணு என்றால் பேரழிவு என்று உலகம் கேள்விப்படும் முன்பே ஒருவர் அணு என்றால் மின்சாரம் என்று எழுதியிருக்கிறார்.

1945-ல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் பிறந்தது. பெங்களூருவில் தொடங்கி, அந்த ஆண்டு டிசம்பரில் பம்பாயின் பெட்டர் சாலைக்கு வந்தது. 1948 ஆகஸ்ட் 10 அன்று அணுசக்தி ஆணையம் அமைந்தது. உறுப்பினர்கள் மூவர். பாபா, எஸ்.எஸ். பட்நாகர், கே.எஸ். கிருஷ்ணன். மூன்றாமவர் வத்திராயிருப்பில் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். ராமன் விளைவு ஆய்வில் சி.வி. ராமனுக்குத் தோள் கொடுத்த துணைவர்.

இதன் பிறகு நடந்தவற்றின் வரிசையைக் கவனிக்க வேண்டும். 1950-ல் இந்திய அருமண் நிறுவனம் தொடங்கியது. 1952-ல் ஆலுவாவில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலை வந்தது. 1955-ல் டிராம்பேயில் தோரியம் ஆலை வந்தது. இந்தியாவின் முதல் அணுஉலையான அப்சரா இயங்கத் தொடங்கியது 1956 ஆகஸ்ட் 4-ல்தான். உலை என்று ஒன்று நாட்டில் எழும் முன்பே தோரியத்தைச் சுத்தப்படுத்தும் ஆலை டிராம்பேயில் ஓடியது.

மூன்று படிகள்

தோரியம் நிறைய இருக்கிறது. யுரேனியம் குறைவு. அப்படியென்றால் நேரே தோரியத்தையே எரிக்க வேண்டியதுதானே என்று யாருக்கும் தோன்றும். தோரியம் தானாகப் பிளந்து தொடர்வினை நடத்தாது. ஒரு நியூட்ரானை விழுங்கினால் அது படிப்படியாக மாறி யுரேனியம்-233 ஆகும். அந்த யுரேனியம்-233தான் பிளக்கும், ஆற்றல் தரும், மேலும் நியூட்ரான்களை உமிழும். எனவே முதல் நியூட்ரானை வேறு யாராவது கொடுக்க வேண்டும். பால் குடம் குடமாக இருந்தாலும் ஒரு கரண்டி உறைமோர் இல்லாமல் தயிர் ஆகாது. ஆகிவிட்டால் அந்தத் தயிரே அடுத்த பாலுக்கு உறை. தோரியம் பால். இந்தியாவிடம் உறைமோர் மிகக் குறைவு.

1954 நவம்பரில் டெல்லியில் அணுசக்தியின் ஆக்கப் பயன்கள் குறித்து ஒரு மாநாடு நடந்தது. அதில் பாபா மூன்று படிகள் கொண்ட திட்டத்தை முன்வைத்தார். முதல் படியில் இயற்கை யுரேனியத்தைக் கனநீர் உலைகளில் எரிப்பது. இயற்கை யுரேனியத்தில் பிளக்கக்கூடிய யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். எஞ்சிய யுரேனியம்-238-ல் ஒரு பகுதி உலைக்குள்ளேயே புளூட்டோனியமாக மாறும். இரண்டாம் படியில் அந்தப் புளூட்டோனியத்தை வேக ஈனுலைகளில் இடுவது. ஈனுலை தான் எரிப்பதைவிட அதிகமாக எரிபொருளை ஈனும். புளூட்டோனியம் பெருகும். போதுமான அளவு பெருகியபின் உலையைச் சுற்றித் தோரியத்தை வைத்து யுரேனியம்-233 ஆக்கலாம். மூன்றாம் படியில் தோரியமும் யுரேனியம்-233-ம் சேர்ந்த உலைகள் நாட்டுக்கு மின்சாரம் தரும்.

இந்தத் திட்டத்தின் பலம் ஒன்றை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மூன்றாம் படி வரும்வரை முதல் படிக்காரர்கள் வெறுங்கையோடு இருக்க வேண்டியதில்லை. முதல் படி தன்னளவில் மின்சாரம் தருகிறது. தாராப்பூரின் 3, 4-ஆம் அலகுகள் அப்படிப்பட்ட கனநீர் உலைகள். முலுண்ட் வீடுகளுக்கு அவை இன்றே விளக்கேற்றிக்கொண்டு, இரண்டாம் படிக்கான புளூட்டோனியத்தையும் சேர்த்து வைக்கின்றன.

பாபாவின் வாக்கு எல்லாமே பலிக்கவில்லை. 1955-ல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் சபையின் அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது, அணுக்கருச் சேர்க்கையைக் கட்டுக்குள் கொண்டுவர இருபது ஆண்டுகளுக்குள் வழி பிறக்கும் என்று சொன்னார். எழுபது ஆண்டுகள் ஆகியும் சேர்க்கை மின்சாரம் வீடு வந்து சேரவில்லை. அந்த ஆரூடம் தவறியது. அதே ஆண்டுகளில் அவர் வகுத்த தோரியத் திட்டம் இன்றும் நடக்கிறது. ஆரூடத்தில் ஏறிச் செல்லப் படிகள் இல்லை. திட்டத்தில் இருந்தன.

இருபத்தேழு நாள் காத்திருப்பு

மூன்றாம் படி எப்போது வந்தாலும், அன்றைக்கு யுரேனியம்-233-ஐக் கையாளத் தெரிந்தவர்கள் வேண்டும். அந்தப் பொருள் இயற்கையில் எந்தச் சுரங்கத்திலும் வெட்டியெடுக்கக் கிடைக்காது. 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லியில் சீபோர்க், கோஃப்மன், ஸ்டௌட்டன் ஆகியோர் ஆய்வகத்தில் உண்டாக்கிக் கண்டறிந்தது அது. இந்தியா தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

1960 ஜூலை 10 அன்று டிராம்பேயில் சைரஸ் உலை இயங்கத் தொடங்கியது. கனடாவின் உதவியோடு கட்டிய 40 மெகாவாட் ஆய்வு உலை. அதன் ஓரப் பகுதியில் தோரியம் தண்டுகளை நிறுத்தினார்கள். உலையிலிருந்து கசியும் நியூட்ரான்களைத் தோரியம் விழுங்கியது. நியூட்ரானை விழுங்கிய தோரியம்-233 இருபத்திரண்டு நிமிடத்தில் பாதி அழிந்து புரோட்டாக்டினியமாகும். புரோட்டாக்டினியம்-233 அவ்வளவு அவசரப்படாது. அது பாதியாகக் குறைந்து யுரேனியம்-233 ஆக இருபத்தேழு நாள் ஆகும். முழுதும் மாற மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் தண்டைக் கரைத்தால் யுரேனியத்தின் ஒரு பகுதி கைக்கு வராமல் போய்விடும்.

காத்திருந்து, தண்டுகளை அமிலத்தில் கரைத்து, கரைப்பான்களால் யுரேனியத்தைத் தனியே இழுத்தெடுத்தார்கள். தோரியம் ஆக்சைடு எளிதில் கரையும் பொருள் கிடையாது. தனி நைட்ரிக் அமிலம் போதாது. ஃபுளோரைடும் சேர்க்க வேண்டும். ஃபுளோரைடு பாத்திரத்தையே அரிக்கும். இத்தனையும் தடித்த சுவர்களுக்குப் பின்னால் நின்று செய்யும் வேலை. 1970 செப்டம்பரில் டிராம்பேயில் முதன்முதலாக யுரேனியம்-233 பிரிக்கப்பட்டது. பாபா அதைப் பார்க்க இல்லை. 1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் நடந்த விமான விபத்தில் அவர் மறைந்திருந்தார்.

பிரித்தபின்னும் ஒரு தொல்லை காத்திருந்தது. யுரேனியம்-233 பிறக்கும்போது அதோடு மிகச் சிறிதளவு யுரேனியம்-232-ம் பிறந்துவிடும். இரண்டும் ஒரே தனிமம் என்பதால் வேதிமுறையில் பிரிக்க முடியாது. யுரேனியம்-232 சிதைந்துகொண்டே போய் வழியில் தாலியம்-208 என்ற பொருளைத் தரும். அது வீசும் காமாக் கதிர் மிகக் கடுமையானது. எனவே சுத்தப்படுத்திய சில வாரங்களுக்குள் கதிர் குறைவாக இருக்கும்போதே கையுறைப் பெட்டிகளுக்குள் எரிபொருளைச் செய்து முடித்துவிட வேண்டும். நாள் கடந்தால் கதிர் ஏறும்; மறுபடியும் சுத்தப்படுத்த வேண்டும். நாள் கணக்கோடு போட்டி போட்டு எரிபொருள் செய்யும் இந்தத் திறமை எந்தப் புத்தகத்தைப் படித்தும் வராது. செய்து செய்தே வர வேண்டும்.

பூர்ணிமாவில் ஒத்திகை

கிடைத்த யுரேனியம்-233 கிராம் கணக்கில்தான். அதைக் கொண்டு பெரிய உலை கட்ட முடியாது. தொடர்வினை நடக்கிறதா, எவ்வளவு பொருள் போதும், கணக்கில் போட்ட எண் நடைமுறையில் நிற்கிறதா என்று பார்க்க ஒரு சிறிய உலை போதும். டிராம்பேயில் அதற்குத் தோதாகப் பூர்ணிமா இருந்தது. 1972 மே மாதம் புளூட்டோனியத்தால் இயங்கிய முதல் பூர்ணிமா, திருவனந்தபுரத்தில் பிறந்த பி.கே. ஐயங்கார் முன்னின்று உருவாக்கியது. பின்னாளில் அணுசக்தி ஆணையத்தின் தலைவரானவர் அவர்.

1984 மே 10 அன்று இரண்டாம் பூர்ணிமா இயங்கியது. இதன் எரிபொருள் திண்மமாக இல்லை. யுரேனியம்-233 உப்பு கரைந்த நீர்மம். சுற்றிலும் பெரிலியம் ஆக்சைடு கவசம். வெளியேறப் பார்க்கும் நியூட்ரான்களைத் திருப்பி உள்ளே அனுப்புவது அதன் வேலை. நீர்மத்தில் அடர்த்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, எந்த அளவில் தொடர்வினை தானே நிலைக்கிறது என்று அளந்தார்கள். அந்தக் கணத்தை உலைக்காரர்கள் கிரிட்டிகல் ஆனது என்பார்கள். இந்தியா தோரியத்திலிருந்து தானே செய்த எரிபொருளில் முதன்முதலாகக் கிரிட்டிகல் ஆனது அன்றுதான்.

அடுத்தது தகடு. யுரேனியம்-233-ஐ அலுமினியத்தோடு உருக்கிச் சேர்த்து, தட்டையான தகடுகளாக்கி, அலுமினியச் சட்டத்துக்குள் அடைத்தார்கள். அந்தத் தகடுகளைக் கொண்டு 1990 நவம்பர் 9 அன்று மூன்றாம் பூர்ணிமா இயங்கியது. கல்பாக்கத்தில் கட்டப்போகும் காமினிக்கு அதுவே ஒத்திகை. எத்தனை தகடு, என்ன இடைவெளி, எவ்வளவு நீர், கட்டுப்பாட்டுத் தகட்டின் வலிமை என்ன என்று எல்லாம் டிராம்பேயிலேயே அளக்கப்பட்டன. உலையின் குழந்தைப் பருவம் மும்பையில் கழிந்தது என்று சொன்னால் தவறில்லை.

கல்பாக்கத்தின் நிலவறை

காமினி ஏன் கல்பாக்கம் போக வேண்டும்? அங்கே 1985 அக்டோபரில் வேகச் சோதனை ஈனுலை இயங்கத் தொடங்கியிருந்தது. இரண்டாம் படியின் முதல் அடி அது. அந்த உலையில் எரிந்து வெளிவரும் எரிபொருள் ஊசிகளை உடைக்காமலேயே உள்ளே என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயால் முடியாது, ஊசி தானே கடுமையாகக் கதிர் வீசுவதால் படம் கருகிப்போகும். நியூட்ரான் கற்றையால் முடியும். கதிர் வீசும் பொருளைச் சோதிக்கும் தடித்த சுவர் அறைகளுக்கு நேர் கீழே, நிலவறையில், காமினியை அமைத்தார்கள். சோதனை ஊசியை மேலிருந்தே நியூட்ரான் கற்றையின் வழிக்கு இறக்கிவிடலாம். டிராம்பேயும் கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து கட்டிய உலை அது.

1996 அக்டோபர் 29 அன்று காமினி கிரிட்டிகல் ஆனது. அப்போது அணுசக்தி ஆணையத்தின் தலைவர் சென்னையில் பிறந்த ஆர். சிதம்பரம். அடுத்த ஆண்டு செப்டம்பரில் உலை தன் முழுத் திறனான 30 கிலோவாட்டைத் தொட்டது. உள்ளே இருக்கும் யுரேனியம்-233 ஏறத்தாழ 600 கிராம். தண்ணீரே மட்டுப்படுத்தியும் குளிரூட்டியும். 1909-ல் கயிற்றில் ஒட்டி வந்த மணலுக்கும் இதற்கும் இடையே 87 ஆண்டுகள்.

பிறந்த நாள் முதல் காமினி சும்மா இருக்கவில்லை. ஈனுலை எரிபொருள் ஊசிகளைப் படமெடுத்தது. எக்ஸ்ரேக்குக் கனமான உலோகம் தடை, இலேசான பொருள் கண்ணில் படாது. நியூட்ரானுக்கு நேர்மாறு, ஈயத்தைக் கடந்து போய்விடும், ஹைட்ரஜன் உள்ள பொருளைத் துல்லியமாகக் காட்டும். ஆகவே உலோக உறைக்குள் அடைத்த வெடிமருந்து சரியாக நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க அது தோதான கருவி. இஸ்ரோ தன் ஏவூர்திகளில் அடுக்குகளைப் பிரிக்கும் சிறு வெடிச் சாதனங்களைச் சோதிக்க காமினியைப் பயன்படுத்துகிறது. ஒரு மாதிரியில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று நியூட்ரானால் தூண்டிக் கண்டறியும் ஆய்வுகளும் நடக்கின்றன. தொலைதூரக் கனவுக்காகப் பிறந்த உலை பக்கத்து வேலைகளுக்கும் கை கொடுக்கிறது.

மற்றவர்கள் விட்டுச் சென்ற பாதை

இந்தப் பாதையில் இந்தியா தனியாகத் தொடங்கவில்லை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் உருகிய உப்பில் எரிபொருளைக் கரைத்து ஓட்டிய உலை 1968-ல் யுரேனியம்-233-ல் இயங்கியது. 1969 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. ஷிப்பிங்போர்ட் நிலையத்தில் 1977 முதல் 1982 வரை தோரியமும் யுரேனியம்-233-ம் சேர்ந்து மின்சாரமே தந்தன. எரித்ததைவிடச் சற்று அதிகமாகவே எரிபொருள் மிஞ்சியது என்பதும் அளந்து உறுதியானது. இருந்தும் பாதை கைவிடப்பட்டது. யுரேனியம் மலிவாகக் கிடைத்தது. இவ்வளவு கடினமான வழிக்கு அவசியம் எழவில்லை. இப்போது சீனா கோபிப் பாலைவனத்தின் ஓரத்தில், கன்சு மாகாணத்தில், 2 மெகாவாட் உருகிய உப்பு உலை ஒன்றைக் கட்டி 2023-ல் இயக்கியிருக்கிறது.

இந்தியா விடாமல் பிடித்ததற்குக் காரணம் பிடிவாதம் மட்டுமில்லை. உள்நாட்டு யுரேனியத்தைக் கொண்டு கனநீர் உலைகளில் ஏறத்தாழ 10,000 மெகாவாட்தான் நீண்ட காலத்துக்கு ஓட்ட முடியும் என்பது பழைய கணக்கு. தோரியத்தின் கையிருப்போ அதைப் போல் பல மடங்கு. இல்லாததை இறக்குமதி செய்யலாம், அதற்கு அயலார் தயவு வேண்டும். இருப்பதைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளலாம், அதற்கு ஆண்டுகள் வேண்டும். இரண்டாவதை இந்தியா தேர்ந்தது.

ஏன் இவ்வளவு காலம்

ஆண்டுகள் எத்தனை என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. தாமதத்தில் ஒரு பகுதி நிர்வாகத்தின் தாமதமே. அதை மறைக்கத் தேவையில்லை. கல்பாக்கத்தில் 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலையின் கட்டுமானம் 2004 அக்டோபரில் தொடங்கியது. சில ஆண்டுகளில் முடியும் என்று எதிர்பார்த்தார்கள். உலைக்கருவை நிரப்பும் பணி தொடங்கியதே 2024 மார்ச்சில்தான்.

இன்னொரு பகுதி இயற்கையின் கணக்கு. ஈனுலை தன் எரிபொருளை இரட்டிப்பாக்க ஆகும் காலத்தை எந்த அமைச்சரும் உத்தரவு போட்டுக் குறைக்க முடியாது. ஆக்சைடு எரிபொருளில் அது பல பத்தாண்டுகள். உலோக எரிபொருளில் கணிசமாகக் குறையும். புளூட்டோனியம் போதுமான அளவு பெருகும் முன்பே தோரியத்தை நுழைத்தால், நியூட்ரான்கள் அங்கே போய்ப் பெருக்கம் நின்றுவிடும். எனவே இரண்டாம் படியில் பல உலைகள் ஓடி முதல் சேர்ந்த பின்பே மூன்றாம் படி பொருந்தும். இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியைக் கடந்த பிறகே அது பெரிய அளவில் வரக்கூடும் என்பதற்கு இதுவே அடிப்படை.

அதற்குள் சூரிய மின்சாரம் இவ்வளவு மலிந்துவிட்டதே, இனி தோரியம் எதற்கு என்று கேட்பவர்கள் நியாயமாகவே கேட்கிறார்கள். 1954-ல் பாபாவின் கணக்கில் இன்றைய சூரியத் தகடு கிடையாது. கணக்கை மறுபடி போட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ராத்திரியும் மழைக்காலமும் விடாமல் மின்சாரம் கேட்கும் மும்பை போன்ற நகரங்களுக்கு ஒரே ஒரு வழியை நம்பி மற்ற வழிகளின் அறிவை அழியவிடுவது பெரிய நஷ்டம். யுரேனியம்-233-ஐச் செய்யும், பிரிக்கும், தகடாக்கும், உலையில் இடும் திறமை ஒரு தலைமுறை கைவிட்டால் அடுத்த தலைமுறை மறுபடி 1960-லிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அதைவிடக் கனமான கேள்வி மணல் எடுக்கும் கரையிலிருந்து வருகிறது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் புதிதாகத் தாது மணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரைக் கிராமத்து மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள். இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதலான கரை அது; கடல் அரிப்பும் புற்றுநோய் அச்சமும் அவர்களுக்கு அன்றாடம். பலன் நாளை மறுநாள் முலுண்டிலோ சென்னையிலோ இருக்கும் ஒருவருக்கு. பாரம் இன்றைக்கு மீன்பிடிக்கிறவர்கள் தலையில். தொலைநோக்கு ஆராய்ச்சி நியாயமாக நடக்க வேண்டுமென்றால் இந்தப் பங்கீடு நேராக வேண்டும். கரையின் கதிரளவும் நோய்க் கணக்கும் அந்த மக்களுக்குத் தமிழில், திறந்த முறையில் தெரிய வேண்டும். எதிர்காலத்துக்காக வேலை செய்கிறோம் என்பது நிகழ்காலத்தில் இருப்பவர்களுக்குப் பதில் சொல்லாமலிருக்க உரிமை தராது.

நீண்ட வேலை, முடிந்த பங்குகள்

காமினியின் கதையில் நான் கற்றது இதுதான். நூறு ஆண்டு வேலையைச் செய்ய நூறு ஆண்டு உயிரோடிருக்கும் மனிதர்கள் தேவையில்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் முழுதாக முடிக்கக்கூடிய ஒரு பங்கு தேவை. 1955-ன் தோரியம் ஆலை ஒரு முடிந்த வேலை. 1970-ல் பிரித்த சில கிராம் யுரேனியம் ஒரு முடிந்த வேலை. 1984-ன் நீர்ம உலை, 1990-ன் தகட்டு உலை, 1996-ன் காமினி எல்லாமே அப்படித்தான். எதுவும் இறுதி இலக்கைத் தொடவில்லை. எதுவும் பாதியில் நிற்கவுமில்லை. ஒவ்வொன்றும் அடுத்தவர் கையில் அளந்து எழுதிய எண்களை வைத்துவிட்டுப் போயிற்று.

மாறாக, கோடிகள் கொட்டி ஒரே பாய்ச்சலில் மூன்றாம் படியை எட்டிவிடுவோம் என்று யாராவது முயன்றிருந்தால், அந்த முயற்சி தோற்ற அன்றே திட்டமும் செத்திருக்கும். தொலைவில் இருக்கும் பலனை நோக்கிய ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கிறவர்களிடமும் கொடுக்கிறவர்களிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இலக்கு எவ்வளவு பெரியது என்பதைவிட முக்கியமான கேள்வி அது. அடுத்த பத்தாண்டில் நீங்கள் முழுதாக முடித்து, அளந்து, எழுதி வைக்கப்போவது என்ன?

அந்தக் கேள்விக்கு டிராம்பேயும் கல்பாக்கமும் ஒருமுறை 600 கிராம் எரிபொருளில் பதில் கூறின. அடுத்த பதில் என்ன என்று கேட்கும் உரிமை வரி கட்டும் ஒவ்வொருவருக்கும் உண்டு, மணவாளக்குறிச்சிக் கரையில் குடியிருப்பவர்களுக்கு எல்லோரையும்விட அதிகமாக.